காலில் ரத்த ஓட்டமும் ராத்திரிச் சாப்பாடும்: பெரியவர்கள் உள்ள வீடுகளுக்கு ஓர் எளிய விளக்கம்

“கால்ல ரத்த ஓட்டமே இல்லப்பா” என்று வீட்டில் ஒரு பெரியவர் சொன்னால், அந்த ஒரு வரிக்குள் நான்கைந்து வெவ்வேறு தொந்தரவுகள் இருக்கலாம். சாயங்காலமானால் கணுக்கால் வீங்குவதையும் அப்படித்தான் சொல்கிறார்கள். தெருமுனைக்குப் போவதற்குள் கெண்டைக்கால் கடுத்து நின்றுவிடுவதையும் அப்படித்தான் சொல்கிறார்கள். உள்ளங்கால் எரிச்சல், விரல் மரமரப்பு, நடுராத்திரியில் கொரக்களி பிடித்து இழுப்பது என எல்லாவற்றுக்கும் அதே பெயர்தான். போதாததற்கு ‘நரம்பு’ என்ற சொல்லும் சேர்ந்துகொள்கிறது. காலில் பச்சையாகச் சுருண்டு புடைப்பதும் நரம்பு, மரத்துப்போவதும் நரம்பு, சுண்டி இழுப்பதும் நரம்பு.

பேச்சளவில் இதனால் பாதகமில்லை. வைத்தியம் என்று வரும்போதுதான் சிக்கல். ஒருவருக்குக் கால்களை உயர்த்தி வைத்தால் வீக்கம் வடியும். இன்னொருவருக்கு அதே காரியம் வலியைக் கூட்டும். ‘படுக்கும்முன் இந்த ஒன்றைச் சாப்பிடுங்கள், விடிந்ததும் கால் லேசாகிவிடும்’ என்று போனுக்குப் போன் சுற்றிவரும் யோசனைகள் இந்த வித்தியாசத்தைப் பார்ப்பதே இல்லை.

எந்த உணவும் ஒரே ராத்திரியில் அடைத்த ரத்தக்குழாயைத் திறக்காது. அதற்காக ராத்திரிச் சாப்பாட்டுக்கும் காலுக்கும் சம்பந்தமே இல்லை என்று விட்டுவிடவும் முடியாது. நம் வீடுகளில் பெரியவர்கள் மாலை 4 மணியிலிருந்து தூங்கும்வரை சாப்பிடுவதைக் கவனித்தால் உப்பு, மாவு, எண்ணெய் மூன்றும் அதிகம். பருப்பும் காயும் குறைவு. சாப்பிட்ட பின் அசைவும் இல்லை. இதைச் சீர்படுத்தினால் உப்பினால் வரும் வீக்கம் சில நாட்களிலேயே குறையத் தொடங்கும். ரத்த அழுத்தத்துக்குச் சில வாரங்கள் ஆகும், சர்க்கரை அளவில் முழு மாற்றம் தெரிய மூன்று மாதம் பிடிக்கும்.

தமனி, சிரை, நரம்பு

இதயத்திலிருந்து காலுக்கு ரத்தம் கொண்டுவருவது தமனி. வயது, சர்க்கரை நோய், புகையிலை, ரத்தக் கொதிப்பு, கொழுப்பு இவற்றால் அதன் உட்சுவரில் படிவு சேர்ந்து குழாய் குறுகும். உட்கார்ந்திருக்கும்வரை கால் சமாளித்துக்கொள்ளும். நடக்கும்போது தசைக்குக் கூடுதல் ரத்தம் தேவை. அது கிடைக்காமல் கெண்டைக்கால் வலிக்கும். சில நிமிடம் நின்றால் வலி போய்விடும், மறுபடி நடந்தால் ஏறக்குறைய அதே தூரத்தில் திரும்ப வரும். பாதம் சில்லிட்டிருக்கும், சின்னப் புண்ணும் ஆற நாளாகும். முற்றிய நிலையில் படுத்திருக்கும்போதே பாதம் வலிக்கும். கட்டிலுக்கு வெளியே தொங்கப் போட்டால்தான் கொஞ்சம் இதமாக இருக்கும்.

காலிலிருந்து ரத்தத்தைத் திரும்ப மேலே ஏற்றுவது சிரை. அசையாமல் நிற்கும் ஒருவரின் கணுக்கால் அருகே சிரையில் அழுத்தம் ஏறக்குறைய 90 மில்லிமீட்டர் பாதரசம் இருக்கும். நடக்கத் தொடங்கியதும் கெண்டைக்கால் தசை ஒவ்வொரு அடிக்கும் சிரையைப் பிழிந்து ரத்தத்தை மேலே தள்ளும், அழுத்தம் 30க்கு அருகே அல்லது அதற்கும் கீழே இறங்கிவிடும். மேலே போன ரத்தம் திரும்பி வழியாமல் இருக்க உள்ளே ஒருவழி வால்வுகள் உண்டு. அந்த வால்வு தளர்ந்தால், அல்லது தசை வேலை செய்யாமல் மணிக்கணக்கில் கால் தொங்கியே இருந்தால், ரத்தம் கீழே தேங்கும். சாயங்காலக் கணுக்கால் வீக்கம், கால் கனம், சுருண்ட குழாய்கள், கணுக்காலின் உள்பக்கம் தோல் கறுத்து அரிப்பது எல்லாம் இதன் அடையாளங்கள். படுத்து எழுந்தால் காலையில் வீக்கம் வடிந்திருக்கும்.

உண்மையான நரம்பு என்பது ரத்தக்குழாயே அல்ல. அது உணர்ச்சியையும் கட்டளையையும் கொண்டுபோகும் இழை. எரிச்சல், ஊசி குத்தல், மரமரப்பு, பஞ்சின் மேல் நடப்பது போன்ற உணர்வு எல்லாம் இதன் கோளாறு. சர்க்கரை நோய் இதற்கு முதல் காரணம், வைட்டமின் பி12 குறைவு இன்னொரு காரணம். சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல வருடமாகச் சாப்பிடுபவர்களுக்கும், பால் தயிர் அதிகம் சேர்க்காத சைவர்களுக்கும் பி12 குறைய வாய்ப்பு அதிகம். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், குறைவென்றால் ஊசியோ மாத்திரையோ கொடுத்துச் சரிசெய்யலாம். இதை ரத்த ஓட்டக் குறைவு என்று நினைத்து வருடக்கணக்கில் இஞ்சிச் சாறு குடித்துக்கொண்டிருப்பது வீணான காலதாமதம்.

பல வருடச் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு மூன்றும் சேர்ந்தே இருக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

கட்டைவிரலை வைத்துப் பாருங்கள்

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன், 7 மணி வாக்கில், பெரியவரை நல்ல வெளிச்சத்தில் நாற்காலியில் உட்காரவைத்து, கணுக்காலுக்கு நான்கு விரல் மேலே, முன்பக்க எலும்பின் மேல் உங்கள் கட்டைவிரலை வைத்து 10 விநாடி அழுத்தி எடுங்கள். தோலில் குழி விழுந்து மெதுவாக நிரம்பினால் அங்கே நீர் கோத்திருக்கிறது. இரண்டு காலிலும் ஒரே மாதிரி விழுகிறதா, ஒன்றில் மட்டுமா என்று கவனியுங்கள்.

அடுத்து, பாதத்தின் பெருவிரலை மேலே தூக்கச் சொல்லுங்கள். பாதத்தின் மேல்புறம் கயிறு போல ஒரு தசைநாண் புடைக்கும். அதை ஒட்டி, இரண்டாம் விரல் பக்கமாக, உங்கள் நடு மூன்று விரல்களின் நுனியை மெல்ல வைத்தால் துடிப்பு தட்டுப்படும். அழுத்திப் பிடித்தால் துடிப்பு காணாமல் போய்விடும், பூவைத் தொடுவது போலத் தொட வேண்டும். அங்கே கிடைக்காவிட்டால் கணுக்காலின் உள்பக்க எலும்புக்குப் பின்னால் உள்ள பள்ளத்தில் தேடுங்கள். பாதத்தின் மேல்புறத் துடிப்பு சிலருக்கு இயல்பாகவே தட்டுப்படாது, அது மட்டும் கிடைக்கவில்லை என்றால் பயப்பட வேண்டாம். இரண்டு இடத்திலும் இல்லை, பாதமும் சில்லென்று இருக்கிறது என்றால் சாப்பாட்டு யோசனைகளை ஒதுக்கிவைத்துவிட்டு முதலில் டாக்டரைப் பாருங்கள்.

குழி விழும் கால்களுக்கு, கீழே உப்பைப் பற்றிச் சொல்வதுதான் மிக முக்கியம். நடந்தால் வலிக்கும் கால்களுக்கு மாவு, எண்ணெய், புகையிலை பற்றிச் சொல்வது முக்கியம்.

உப்பு

ஆஸ்பத்திரியில் ஏற்றும் சாதாரண சலைன் பாட்டிலை நினைத்துக்கொள்ளுங்கள். 500 மில்லி பாட்டிலில் இருப்பது 4.5 கிராம் உப்பு. உடம்பில் செல்களுக்கு வெளியே உள்ள நீரின் உப்புச் செறிவும் ஏறக்குறைய அதே அளவுதான், உடம்பு அதைக் கட்டிக்காக்கும். அதனால் 4.5 கிராம் உப்பு வெளியேறாமல் உள்ளே தங்கினால், அதோடு அரை லிட்டர் தண்ணீரும் தங்கிவிடும். வயதான சிறுநீரகம் கூடுதல் உப்பை வெளியேற்ற அதிக நேரம் எடுத்துக்கொள்ளும். தங்கிய நீர் பள்ளத்தைத் தேடித்தானே போகும்? கால்களைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருப்பவருக்குப் பள்ளம் என்பது கணுக்கால்.

ஒரு நாளைக்கு ஒருவருக்கு 5 கிராமுக்கு மேல் உப்பு வேண்டாம் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் அளவு, ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் அதையே சொல்கிறது. தலைதட்டிய ஒரு டீஸ்பூன் தூள் உப்பு ஏறக்குறைய இந்த அளவு வரும்.

‘நாங்க உப்பு கம்மியாத்தான் போடுவோம்’ என்று எல்லா வீட்டிலும் சொல்வார்கள். அளந்து பார்க்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. இரண்டு பேர் உள்ள வீடென்றால் காலையில் தலைதட்டி இரண்டு டீஸ்பூன் உப்பை ஒரு சின்னக் கிண்ணத்தில் எடுத்து வையுங்கள். அன்று முழுவதும் சாம்பார், ரசம், பொரியல், சட்னி, மோர் எல்லாவற்றுக்கும் அந்தக் கிண்ணத்திலிருந்து மட்டுமே உப்பு. மாவு அரைத்தால் அதற்கும் அதிலிருந்துதான். முதல் நாள் மத்தியானத்துக்குள்ளேயே கிண்ணம் காலியாவது சகஜம். யாரையும் குறை சொல்ல இதைச் செய்ய வேண்டாம். எங்கே கூடுதலாகப் போகிறது என்று கண்ணால் பார்க்க மூன்று நாள் செய்தால் போதும்.

ராத்திரியில் உப்பு கூடுவதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. இட்லி, தோசை என்றால் மாவில் ஏற்கெனவே உப்பு, சாம்பாரில் உப்பு, சட்னியில் உப்பு, இட்லிப் பொடியிலும் உப்பு. ஒவ்வொன்றும் தனித்தனியே ருசிக்கு அளவாக இருந்தாலும் தட்டில் நான்கும் கூடிவிடுகின்றன. கடை மாவில் எவ்வளவு உப்பு என்று நமக்குத் தெரியாது. அதனால் மாவிலும் சாம்பாரிலும் வழக்கமான உப்பு போட்டால், சட்னிக்குக் கால் பங்கு போதும். தேங்காய்ச் சட்னியில் கொஞ்சம் மாங்காய்த் துண்டு அல்லது கடைசியில் எலுமிச்சை, தக்காளிச் சட்னியில் வறுத்த சீரகம் என்று புளிப்பும் வாசனையும் சேர்த்தால் உப்புக் குறைவு அவ்வளவாகத் தெரியாது. ஒரேயடியாகக் குறைத்தால் பெரியவர் சாப்பாட்டையே ஒதுக்கிவிடுவார். வாரத்துக்குக் கால் பங்கு என்று இறக்குங்கள், சில வாரங்களில் நாக்கு பழகிவிடும்.

தொட்டுக்கொள்ளும் சமாசாரங்கள்தான் பெரிய திருடர்கள். ஒரு அப்பளத்தில் ஏறக்குறைய அரை கிராம் உப்பு, ஒரு டீஸ்பூன் ஊறுகாயில் சுமார் ஒரு கிராம். மோர் மிளகாய், வடகம், கருவாடு இவற்றைச் சொல்லவே வேண்டாம். ராத்திரி மோர்சாதமும் ஊறுகாயும் ‘லேசான சாப்பாடு’ என்று நினைக்கிறோம். வயிற்றுக்கு லேசு, கணுக்காலுக்கு அல்ல. பாக்கெட் சூப், நூடுல்ஸ் மசாலா ஆகியவற்றிலும் சோடியம், அதாவது நீரைப் பிடித்துவைக்கும் உப்புச் சத்து, அதிகம். பிரெட், ரஸ்க் போல உப்புக் கரிக்காதவற்றிலும் நாம் நினைப்பதைவிட இருக்கிறது.

இந்துப்புக்கு மாறிவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பவர்கள் நிறைய. இந்துப்பும் பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடுதான், அயோடின் சேர்க்கப்படாதது என்பதால் அந்த இழப்பு வேறு. ‘குறைந்த சோடியம்’ என்று விற்கும் உப்பில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் கலந்திருக்கும். சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கும், டெல்மிசார்டன், எனலாப்ரில், ஸ்பைரனோலாக்டோன் போன்ற ரத்தக் கொதிப்பு, இதய மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் அது ரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றி இதயத் துடிப்பையே பாதிக்கலாம். டாக்டரைக் கேட்காமல் வாங்கக் கூடாது.

மறுபக்கமும் ஒரு ஆபத்து உண்டு. சிலர் உப்பை அறவே நிறுத்திவிடுகிறார்கள். நீர் மாத்திரை சாப்பிடும் பெரியவர் அப்படிச் செய்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கித் தடுமாற்றம், குழப்பம், கீழே விழுவது வரை போகலாம். அளவாகக் குறைப்பதுதான் நோக்கம்.

உப்பைக் குறைத்தும் வீக்கம் அப்படியே இருந்தால் மருந்துப் பெட்டியைத் திறந்து பாருங்கள். ரத்தக் கொதிப்புக்கான ஆம்லோடிபின் மாத்திரை பலருக்குக் கணுக்கால் வீக்கம் தரும். மூட்டுவலிக்குச் சாப்பிடும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகள் உப்பையும் நீரையும் உடம்பில் பிடித்துவைக்கும். மெடிக்கல் ஷாப்பில் தாமாக வாங்கிச் சாப்பிடுவதால் இதை டாக்டரிடம் சொல்லவே மாட்டார்கள். நரம்பு எரிச்சலுக்கான பிரிகாபாலினும் கால் வீக்கம் தருவதுண்டு. மாத்திரையைத் தானாக நிறுத்தாமல் எழுதிக்கொடுத்தவரிடம் சொன்னால் மாற்றித் தருவார்.

சாயங்கால டிபன்

மிக்சர், முறுக்கு, பஜ்ஜி, கூடவே சர்க்கரை போட்ட காபி. இந்த 4 மணிப் பழக்கம் காலுக்கு இரண்டு வழியில் கெடுதல்: உப்பும் சேருகிறது, திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெயும் சேருகிறது. சமையல் எண்ணெயிலும் கொழுப்பிலும் ரத்தக்குழாய்க்குக் கெடுதலான டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2022 ஜனவரியிலிருந்து இந்தியாவில் விதி இருக்கிறது. ஆனால் நாள் முழுக்க ஒரே எண்ணெயில் பொரித்தால், நல்ல எண்ணெயும் கெட்டுத்தான் போகும்.

இதற்கு மாற்று நம்மிடமே இருக்கிறது: சுண்டல். ஒருவருக்கு 30 கிராம் கொண்டைக்கடலை அல்லது பாசிப்பயறு போதும், அது ஒரு சின்னக் கைப்பிடி. கடலை என்றால் 8 மணி நேரம் ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, விரலால் நசுக்கினால் மசியும் பதத்துக்கு வேகவையுங்கள். ஒரு டீஸ்பூன் எண்ணெயில் தாளித்து, உப்பைப் பாதியாக்கி, இறக்கிய பின் எலுமிச்சை பிழியுங்கள். ஏறக்குறைய 6 கிராம் புரதம் கிடைக்கும். வாயுத் தொல்லை என்பவர்கள் இரண்டு மேசைக்கரண்டியில் தொடங்கி ஒரு வாரத்தில் கூட்டிக்கொள்ளலாம். பல்செட் வைத்தவர்களுக்குப் பாசிப்பயறு மெல்ல இலகுவாக இருக்கும்.

ராத்திரித் தட்டில் என்ன இருக்க வேண்டும்

கெண்டைக்கால் தசைதான் ரத்தத்தை மேலேற்றும் பம்பு என்றால், அந்தத் தசை கரையாமல் இருக்கப் புரதம் வேண்டும். வயதானவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை என்பது பொதுவான பரிந்துரை. 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளுக்கு 60 முதல் 72 கிராம், அதில் ராத்திரிக்கு 18, 20 கிராமாவது வர வேண்டும். மூன்று இட்லியும் சட்னியும் சாப்பிட்டால் கிடைப்பது சுமார் 6 கிராம்தான். அதே மூன்று இட்லிக்கு 30 கிராம் துவரம்பருப்பு சேர்ந்த கெட்டிச் சாம்பார் ஒரு கிண்ணமும், படுக்க ஒரு மணி நேரம் முன் சர்க்கரை இல்லாத பால் 200 மில்லியும் சேர்த்தால் கணக்கு நேராகிவிடும். சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு மட்டும் இந்த அளவு பொருந்தாது. அவர்களுக்கு டாக்டர் சொல்லும் அளவுதான்.

கேழ்வரகுக் கஞ்சி குடித்தால் சர்க்கரை ஏறாது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. தானியம் எதுவானாலும் நன்றாக மாவாக்கிக் கரைத்துக் காய்ச்சினால் சீக்கிரம் செரித்து ரத்தத்தில் சர்க்கரையை வேகமாக ஏற்றும். அதே கேழ்வரகு மாவில் முருங்கைக்கீரையும் வெங்காயமும் சேர்த்து அடை தட்டி, பருப்புக் கடைசலோடு சாப்பிட்டால் ஏற்றம் மெதுவாக இருக்கும். அரிசியும் பருப்பும் சம அளவு போட்ட அடை இரண்டு, உப்புமா என்றால் ரவைக்கு இரண்டு பங்கு காய், இடியாப்பம் என்றால் மூன்றோடு நிறுத்திப் பாசிப்பருப்புக் கடைசல் ஒரு கிண்ணம் என்று வைத்துக்கொள்ளலாம். சப்பாத்தியும் மருந்தல்ல. நான்கு சப்பாத்தியும் உருளைக்கிழங்குக் குருமாவும் சாப்பிடுவதைவிட அளவாகச் சாதமும் நிறையப் பருப்பும் காயும் சாப்பிடுவது மேல்.

மீன் சாப்பிடுபவர்களுக்கு வாரம் இரண்டு முறை மத்தி, அயிலை, நெத்திலி என்று ஏதாவது ஒன்று 100 கிராம் அளவில் குழம்பாக இருக்கட்டும். இவற்றில் ஒமேகா 3 கொழுப்பும் உண்டு, 20 கிராம் வரை புரதமும் உண்டு. பொரித்தால் எண்ணெய் கூடும்.

கீரையும் பீட்ரூட்டும்

ரத்த ஓட்டம் என்றதும் எல்லாரும் பீட்ரூட்டைச் சொல்வதற்கு உண்மையான அடிப்படை இருக்கிறது. பீட்ரூட், முளைக்கீரை, பாலக் போன்றவற்றில் நைட்ரேட் அதிகம். அதை நாக்கில் உள்ள பாக்டீரியாக்கள் நைட்ரைட்டாக மாற்றும், உடம்பு அதிலிருந்து நைட்ரிக் ஆக்சைடு தயாரிக்கும். ரத்தக்குழாய்ச் சுவரைத் தளரச் செய்யும் வாயு அது. அதன் வேலையைக் கண்டறிந்ததற்காக ஃபர்ச்காட், இக்னாரோ, முராத் என்ற மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு 1998-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. சாப்பிட்ட இரண்டு மூன்று மணி நேரத்தில் ரத்தத்தில் நைட்ரைட் உச்சத்துக்குப் போகும், ரத்த அழுத்தம் சில புள்ளிகள் இறங்கும், அதே நாளில் விளைவு மங்கிவிடும். அவ்வளவுதான் அதன் எல்லை. அது குழாயில் படிந்ததைக் கரைக்காது. தினமும் அரைக் கிண்ணம் பொரியல் என்ற பழக்கமாக இருந்தால்தான் பயன்.

நைட்ரேட் தண்ணீரில் கரையும். வேகவைத்த தண்ணீரைக் கொட்டினால் பாதி பலன் அதோடு போய்விடும், கொஞ்சமாகத் தண்ணீர் தெளித்து மூடி வேகவையுங்கள். கிருமிநாசினி மவுத்வாஷால் வாய் கொப்பளிப்பவர்களுக்கு அந்த நாக்குப் பாக்டீரியாக்கள் அழிந்து பலன் குறையும்.

ராத்திரியில் கீரை கூடாது என்று சொல்லும் வீடுகளில் அதற்காகச் சண்டை வேண்டாம். செரிமானம் மந்தமானவருக்கு மத்தியானமே கொடுக்கலாம். சிறுநீரகக் கல் உள்ளவர்கள் பாலக், பீட்ரூட் இரண்டையும் அளவோடு நிறுத்த வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின், அசிட்ரோம் சாப்பிடுபவர்கள் கவனமாக இருக்க வேண்டும்: கீரையில் உள்ள வைட்டமின் கே அந்த மாத்திரையின் வேலையை மாற்றும். இவர்கள் கீரையை நிறுத்த வேண்டியதில்லை, வாரத்துக்கு வாரம் ஒரே அளவில் சாப்பிட வேண்டும். திடீரென்று தினமும் கீரை ஜூஸ் குடிக்க ஆரம்பிப்பதுதான் ஆபத்து.

பூண்டு சமையலில் இருக்கட்டும். கைநிறையப் பச்சைப் பூண்டை விழுங்குவது, ரத்தம் கட்டாமல் இருக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு ரத்தக் கசிவை அதிகமாக்கக் கூடும்.

நேரம், நடை, தண்ணீர்

படுப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே சாப்பிட்டு முடித்துவிட வேண்டும். 7, 7.30 மணி நல்ல நேரம். அதன் பின் மெதுவாக 15 நிமிடம் நடக்கலாம். 2013-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், சர்க்கரை நோய் வரும் நிலையில் இருந்த 60 வயது தாண்டியவர்கள் ஒவ்வொரு வேளை சாப்பாட்டுக்குப் பின்னும் 15 நிமிடம் நடந்தபோது 24 மணி நேரச் சர்க்கரை அளவு கட்டுப்பட்டது. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரையைக் குறைப்பதில் இது குறிப்பாக உதவியது.

ஆனால் எல்லாரும் கை கழுவியதும் எழுந்து நடக்கக் கூடாது. சாப்பிட்டதும் குடல் பக்கம் ரத்தம் அதிகமாகப் போகும். வயதான சிலருக்கு உடம்பு அதை ஈடுகட்ட முடியாமல் இரண்டு மணி நேரத்துக்குள் ரத்த அழுத்தம் 20 புள்ளிக்கு மேல் இறங்கித் தலை சுற்றும். சாப்பாட்டுக்கு முன் ஒரு முறை, ஒரு மணி நேரம் கழித்து ஒரு முறை வீட்டு மெஷினில் பார்த்தால் தெரிந்துவிடும். இப்படிப்பட்டவர்களுக்குச் சாதத்தைக் குறைத்து, சாப்பாட்டை இரண்டு சின்ன வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். நடப்பதைச் சாப்பாட்டுக்கு முன் வைத்துக்கொள்ளட்டும்.

சீரியல் பார்க்க 7 மணிக்கு உட்கார்ந்தால் 9.30 வரை கால் தொங்கியே இருக்கும். விளம்பரம் வரும்போதெல்லாம் குதிகாலைத் தூக்கித் தரையில் வைப்பது 20 தடவை, பிறகு விரல்களைத் தூக்கி இறக்குவது 20 தடவை. சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி நிற்பது 10 தடவை செய்தால் இன்னும் நல்லது.

வீக்கத்தோடு ராத்திரி மூன்று நான்கு தடவை சிறுநீர் கழிக்க எழுபவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். பகலெல்லாம் காலில் தேங்கிய நீர், படுத்ததும் ரத்தத்துக்குத் திரும்பிச் சிறுநீராக வருகிறது. மாலை 4 மணியிலிருந்து 5 மணி வரை படுத்துக்கொண்டு கால்களைத் தலையணை மேல் இதய மட்டத்துக்குச் சற்று மேலே வைத்தால், அந்த நீர் தூங்கும் நேரத்துக்கு முன்பே வெளியேறிவிடும். தமனி அடைப்பு உள்ளவர்கள் இதைச் செய்யக் கூடாது, பாதத்துக்குப் போகும் கொஞ்ச ரத்தமும் குறையும். தண்ணீரைப் பகலில் பரவலாகக் குடித்து, படுக்க இரண்டு மணி நேரம் முன் குறைத்துக்கொள்ளலாம். இதய, சிறுநீரக நோயாளிகளுக்கு டாக்டர் சொன்ன அளவுதான்.

சாப்பாட்டால் ஆகாதவை

ராத்திரிக் கொரக்களிக்கு மெக்னீசியம் மாத்திரை என்று பலர் வாங்குகிறார்கள். வயதானவர்களிடம் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் அதனால் குறிப்பிடும்படி பலன் தெரியவில்லை. படுக்கும்முன் சுவரைப் பார்த்து நின்று, உள்ளங்கைகளைச் சுவரில் ஊன்றி, ஒரு காலைப் பின்னால் நீட்டிக் குதிகால் தரையில் பதிய 30 விநாடி வைத்து ஆடுசதையை இழுத்து விடுங்கள், காலுக்கு மூன்று தடவை. செலவில்லாதது, பலருக்கு உதவுகிறது.

பீடி, சிகரெட், வெற்றிலையோடு போடும் புகையிலை இவற்றில் ஒன்று தொடரும்வரை எந்தக் கீரையும் தமனியைக் காப்பாற்றாது. நிக்கோட்டின் ஒவ்வொரு முறையும் குழாயைச் சுருக்குகிறது. சாப்பாட்டுக்குப் பின் வெற்றிலை போடாமல் இருக்க முடியவில்லை என்றால் முதலில் புகையிலையை எடுத்துவிட்டு வெறும் வெற்றிலையும் சோம்பும் மெல்லச் சொல்லுங்கள். பாக்கும் வாய்க்குக் கெடுதல்தான்.

சில்லிட்ட பாதத்தை வெந்நீரில் முக்குவது, வெந்நீர்ப் பை வைப்பது வேண்டவே வேண்டாம். மரத்துப்போன காலுக்குச் சூடு தெரியாது. கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும், சர்க்கரை நோயாளிக்கு அந்தக் கொப்புளம் ஆறுவது பெரும்பாடு. பருத்திச் சாக்ஸ் போதும். படுக்கும்முன் விரலிடுக்குகளையும் உள்ளங்காலையும் பார்த்துவிடுங்கள்.

எப்போது ஓட வேண்டும், என்ன கேட்க வேண்டும்

ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, கெண்டைக்கால் சூடாகி வலித்தால் ஆழத்தில் உள்ள சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், தேய்த்துவிடாதீர்கள். கூடவே மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் உடனே 108. கால் திடீரென்று வெளுத்து, சில்லிட்டு, தாங்க முடியாமல் வலித்து, மரத்துப்போனால் தமனி முற்றிலும் அடைபட்டிருக்கலாம். அதில் ஆறு மணி நேரத்துக்குள் சிகிச்சை தொடங்குவதைப் பொறுத்தே கால் நிலைக்கும், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. இரண்டு காலும் வீங்கி, மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டினால் இதயத்தைப் பார்க்க வேண்டும்.

அவசரமில்லாத மற்ற நேரங்களில் டாக்டரிடம் போகும்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும், கடையில் தாமாக வாங்கியவை உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். கணுக்காலிலும் கையிலும் ரத்த அழுத்தம் பார்த்து ஒப்பிடும் சோதனை செய்யலாமா என்று கேளுங்கள். படுக்கவைத்து எடுப்பார்கள், வலியில்லை, கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். கணுக்கால் எண்ணைக் கை எண்ணால் வகுத்து வருவது 0.9 அல்லது அதற்குக் கீழே இருந்தால் தமனி குறுகியிருக்கிறது என்று பொருள். 1.4க்கு மேல் வந்தால் குழாய்ச் சுவர் சுண்ணாம்பேறிக் கெட்டியாகியிருக்கலாம். சர்க்கரை நோயாளிகளுக்கு இப்படி வருவதுண்டு, அப்போது கால் விரலில் அழுத்தம் பார்ப்பார்கள். வீக்கத்துக்கு இறுக்கமான ஸ்டாக்கிங்ஸ் வாங்கப் போகிறீர்கள் என்றால் இந்தச் சோதனை முடிந்த பிறகு வாங்குங்கள். தமனி அடைத்த காலில் அதை மாட்டினால் புண்ணாகிவிடும்.